தண்ணி கலக்கியாச்சு

வேலூரில் வந்து இறங்கிய காலையில் நான் செய்த முதல் காரியம், பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று விடுதியின் வரவேற்பு மேசை முன்னால் நின்று அலறியதுதான். அலறல் தெளிவாக வரவில்லை. பதற்றத்தில் நாக்கு குழறுகிறது என்று நினைத்தேன். மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், வாயில இருக்கறத எடுத்துட்டு சொல்லுங்க" என்றார். எடுத்தேன். பாஸ்போர்ட்.

இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் மனிதன் வேறு எதால் பிடித்துக்கொள்வான்?

மலேசியாவில், ஈப்போவில் எனக்கு ஒரு செருப்புக் கடை. 'எனக்கு' என்று சொல்வதே புதுப் பழக்கம். கடை மல்லிகாவுடையது. என் மனைவி. அவள்தான் வருஷா வருஷம் ஆம்பூருக்கு வந்து, தோலை வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஆர்டர் கொடுத்துவிட்டு வருவாள். நான் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கால் விரல்களைப் பற்றி ஜோக் அடிப்பேன். வேலைப் பிரிவினை அவ்வளவு தெளிவு. போன வருஷம் அவள் போய்விட்டாள். ஜோக்குகள் கைவசம் இருந்தன, செருப்புகள் தீர்ந்துகொண்டு வந்தன. "இந்தத் தடவ நீங்களே போய்ட்டு வாங்கப்பா" என்றாள் மகள். ஏதோ பக்கத்துத் தெருவுக்குக் குடை கொடுத்தனுப்புகிற மாதிரி.

விடுதிக்குக் கீழே இருந்த ஓட்டலில் இரண்டாவது அவமானம். எங்கள் மலேசியத் தமிழில் தண்ணி என்றால் குடிக்கிற எல்லாமே தண்ணிதான். டீயும் தண்ணி, காப்பியும் தண்ணி, மைலோவும் தண்ணி. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "என்ன தண்ணி?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில், இட்லி வைத்துவிட்டு நின்ற சர்வரிடம், "தண்ணி என்னென்ன இருக்கு?" என்றேன், கொஞ்சம் உரக்க. பக்கத்து மேசையில் ஒரு அம்மா பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சர்வர் என் காதருகில் குனிந்து, "இது ஃபேமிலி ஓட்டல் சார். பஸ் ஸ்டாண்டு பின்னால போனீங்கன்னா எல்லாம் கெடைக்கும்" என்றார். காலை எட்டு மணிக்கு!

அறையில் குளிக்கப் போனால் சோப்பு நுரைக்கவில்லை. தேய்த்துத் தேய்த்து கை வலித்ததுதான் மிச்சம். தலைமுடி தேங்காய் நார் மாதிரி நின்றது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"குளிக்கறது உப்புத் தண்ணி சார். குடிக்கறது கேன் தண்ணி."

"அப்போ நல்ல தண்ணி?"

"அது நல்லவங்களுக்கு வரும் சார்" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. என் சாதி.

மறுநாள் ஆம்பூர் பஸ். நின்றுகொண்டுதான் பயணம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அவ்வப்போது ஒரு பெரிய மணல்வெளி தெரிந்தது. முள்மரங்கள், மணலின் குறுக்கே போகும் மோட்டார் சைக்கிள், மேய்கிற ஆடுகள். விமான நிலையம் கட்ட எடுத்துப் போட்ட இடமோ என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன்.

"அதான் பாலாறு" என்றார்.

முன்னால் இரண்டு பெரியவர்கள் உருதுவில் பேசிக்கொண்டு வந்தார்கள். திடீரென்று ஒருவர் குரல் உயர்ந்தது, மற்றவர் எழுந்தே நின்றுவிட்டார். பஸ் முழுக்க ஒரு சலசலப்பு. "என்னம்மா சொல்றாங்க?" என்றேன்.

"ஆந்திராவுல அணையெல்லாம் ரொம்பி வழியுதாம். ஆறு வாணியம்பாடிகிட்ட வந்துடுச்சாம். நாளைக்கு ஆம்பூர் வந்துடுமாம்."

எங்கள் நாட்டில் ஆறு வருகிறது என்றால் அர்த்தமே வேறு. மெத்தையைச் சுருட்டி, பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்ப் படுப்போம். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடத்துநரிடம் போனேன். "ஆம்பூர்ல உயரமான இடம் எது? என்னை அங்க இறக்கி விட்டுடுங்க!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றது. இறங்கினேன். பஸ் போனபிறகுதான் தெரிந்தது, நெடுஞ்சாலை மேம்பாலத்தின் உச்சியில் நிற்கிறேன். லாரிகள் என் சட்டையைப் பறித்துக்கொண்டு போவது மாதிரி போயின. ஊர் கீழே இருந்தது. இறங்கி வரப் படிக்கட்டுகூட இல்லை. பிறகு விசாரித்தேன். அந்த பஸ் எப்போதுமே ஊருக்குள் வராதாம், பைபாஸில்தான் இறக்கி விடுமாம். ஆனால் என்னிடம் மட்டும் நடத்துநர், "இத விட உயரம் ஆம்பூர்ல கெடையாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமுவேல்தான் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை மீட்டார். ஷூ ஃபேக்டரியில் கட்டிங் பகுதி சூப்பர்வைசர். மல்லிகா வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட பெயர். ஆளை அன்றுதான் பார்த்தேன். மேசைமேல் செருப்பு மாதிரிகளைப் பரப்பி வைத்தார். மல்லிகா செய்வது போல ஒன்றை எடுத்து வளைத்தேன். முகர்ந்தேன். முகர்ந்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லித்தரவில்லை. "நல்லா இருக்கு" என்றேன்.

"அக்கா இருந்தா ஒன்னு கேப்பாங்க சார்."

"என்ன?"

"இந்தத் தோலு எந்த ஷாப்புலேர்ந்து வந்துச்சு, அந்த ஷாப்பு தண்ணி எங்க போவுதுன்னு. கழிவு ஒழுங்கா குழாயில ஏறி சுத்திகரிப்புக்குப் போற ஷாப்புன்னாதான் எடுப்பாங்க. எங்க மொதலாளியே பேஜாராவாரு. ஆனா மறு வருஷம் அவங்க கேக்கறதுக்கு முன்னால இவரே சொல்லிடுவாரு."

தோல் பதனிடும் இடத்தைத்தான் இந்தப் பக்கத்தில் தோல் ஷாப் என்கிறார்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. அல்லது வந்திருக்கும். நான் அப்போது ஏதாவது ஜோக் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

மதியம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய். எங்கள் ஊர் பிரியாணி வாசனையை முன்னே அனுப்பிவிட்டுத் தாமதமாக வரும். இது பேசாமல் வந்து உட்கார்ந்து ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. "அக்கா கத்திரிக்காய மட்டும் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்குவாங்க" என்றார் சாமுவேல். எனக்கு வயிறு நிறைந்துவிட்டிருந்தது. இருந்தும் கத்தரிக்காயை இரண்டாவது வாட்டி கேட்டேன்.

மறுநாள் ஆர்டர் முடிவு செய்வதாக ஏற்பாடு. பதில்களை எல்லாம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டு ஃபேக்டரிக்குப் போனால், பாதி நாற்காலிகள் காலி. "சார், இன்னிக்கி ஆர்டர் வேணாம். ஆறு வருது" என்றார் சாமுவேல், பைக்கை உதைத்துக்கொண்டே.

ஆற்றைப் பார்க்க லீவு! எங்கள் ஊரில் ஆறு இருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இங்கே ஆறு வருகிறது. அதனால் கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஓடுகிறார்கள்.

சாமுவேலின் ஊர் ஆம்பூருக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயரை எழுதக் கூடாது என்று அந்த ஊர் அமுதா சொல்லிவிட்டார். "எழுதினா ஆளுங்க பாக்க வருவாங்கண்ணா. எங்களுக்குத் தண்ணி வந்தா போதும்."

அமுதாவை அங்கேதான் முதலில் பார்த்தேன், ஆற்றிலிருந்து ஏரிக்குப் போகும் கால்வாயின் தலைப்பில், இரும்பு ஷட்டர் பக்கத்தில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். முன்பு சாமுவேல் ஃபேக்டரியில் தையல் மிஷினில் இருந்தவர். மல்லிகாவின் தோழி. இப்போது முழு நேரம் கழனி. கணவர் ஏழுமலை தோல் ஷாப்பில் வேலை. "நான் கழனி, அவரு ஷாப்பு. ஒரே வூட்ல ரெண்டு கட்சி" என்றார்.

கரை முழுக்கக் கூட்டம். கற்பூரம், மஞ்சள், தேங்காய். சர்ச்சிலிருந்து நேராக வந்த சில பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் மணலில் முழங்கால் மடித்து உட்கார்ந்து ஆறு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி பாய்ந்து வரவில்லை. ஒரு சோம்பேறித் துடைப்பம் போல, முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, தவழ்ந்து வந்தது. பாட்டில், பை, தெர்மாகோல், செத்த கோழி. என் தொழில் புத்திக்கு முதலில் தெரிந்தவை செருப்புகள். எல்லாம் ஒற்றைச் செருப்புகள். பின்னாலேயே கறுப்பாக, நாற்றத்தோடு தண்ணீர். அதற்குத்தான் கற்பூரம் காட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

ஷட்டரை யாரும் தொடவில்லை. "திறக்கலையா?" என்றேன்.

"மொத தண்ணிய வுட்டுடணும்ணா. மண்ணுல படிஞ்சிருக்கற விஷத்தையெல்லாம் அதுதான் வாரிக்கினு போவும்" என்றார் அமுதா. "போன வாட்டி ஆறு வந்தப்ப ஆசையில உடனே தெறந்துட்டோம். ரெண்டு நாள் கழிச்சிப் பாத்தா ஏரியில மீனெல்லாம் மல்லாந்து கெடக்குது. என் கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. அன்னிலேர்ந்து நெல்லே போடலண்ணா. ஏரியில நல்ல தண்ணி நின்னாத்தான் கெணறு தெளியும்."

அந்த வருஷம் ஊரே இரண்டாகிவிட்டதாம். விவசாயிகள் ஷாப்பில் வேலை செய்கிறவர்களை ஏசினார்கள். அவர்களும் இதே ஊர்க்காரர்கள். அமுதா வீட்டில் இரண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. சாம்பார் மட்டும் போய்வந்தது. பெரும்பாலான ஷாப்புகள் கழிவைக் குழாயில் ஒழுங்காக அனுப்பிவிடும். மழை கொட்டும்போது, ஆற்றோடு ஆறாகப் போகட்டும் என்று திறந்துவிடுகிற சில பேர்தான் சிக்கல். அது யார், எந்த வால்வு என்று உள்ளே வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். ஒருநாள் ஏழுமலையே வாயைத் திறந்தாராம். "கழிவு போற வழிய நாங்க உள்ளேர்ந்து பாத்துக்கறோம். ஓடைய நீங்க வெளியேர்ந்து பாத்துக்கோங்க."

அதிலிருந்து இந்த ஏற்பாடு. ஆறு வந்தால், ஷாப்புகள் பக்கமிருந்து வரும் ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்களில் எல்லாம் ஆட்கள் நிற்பார்கள். எங்காவது கலந்தால் உடனே போனில் குரல் வரும், இங்கே ஷட்டர் இறங்கும். ஏரிக்குள் போவது நல்ல தண்ணீர் மட்டும். ஆனால் ரொம்பவும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. பாலாறு வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நாலு நாளில் மறுபடியும் மணலாகிவிடும்.

வெகுநேரம் கழித்து, தண்ணீர் கறுப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியது. ஒரு சொம்பில் மொண்டு, உப்பு பார்க்கிற பேனா மாதிரி ஒன்றை அதில் விட்டார்கள். அதைச் சுற்றி இருபது தலைகள். "கம்மி! கம்மிதான்!" என்று ஒருவர் கத்தினார். ஆண்களும் பெண்களுமாகச் சக்கரத்தைச் சுற்ற, ஷட்டர் முனகிக்கொண்டு ஏறியது. கால்வாயில் தண்ணீர் நுழைந்தது. அமுதா கால்வாய்க் கரையோடு, அதன் கூடவே, அதன் வேகத்துக்கு நடந்து போனார். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர் மாதிரி.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் சாமுவேல் என்னிடம் வந்து, "சார், ஓடையில ஆள் பத்தல. ஒரு உதவி பண்றீங்களா?" என்றார்.

மேலே பாலத்தடியில் ரபீக் பாயின் டீக்கடை. அதன் பின்னால் ஓர் ஓடை ஆற்றில் சேர்கிறது. என்னை அங்கே இறக்கிவிட்டு, என் போனை வாங்கி 'ஏரிக் காவல்' என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். "ஓடையப் பாத்துக்கினே இருங்க. நுரை வந்தா, கலர் மாறுனா, நாத்தம் வந்தா, குரூப்புல ஒரு வாய்ஸ் போடுங்க. வேற ஒன்னும் வேணாம்."

வேற ஒன்னும் வேணாம்! ஒரு கிராமத்தின் நெல் என் கண்ணில் இருக்கிறது. நான் கண் சிமிட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

"பாய், அது நுரையா?"

"அது கஞ்சித் தண்ணி தோஸ்த். என் வூட்டுது."

"அங்க மஞ்சளா வருதே?"

"வெயிலு."

"நாத்தம் அடிக்குது பாய்!"

ரபீக் பாய் என் சட்டைப் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார். "தோஸ்த், உக்காரு. ஓடைய நான் பாத்துக்கறேன். நீ டென்சன் ஆவாம இருந்தா அதுவே ஊருக்கு உபகாரம்."

தூறல் பிடித்தது. பாய் டீ போட ஆரம்பித்தார். ஒரு கையை மேலே தூக்கி, மறு கையைக் கீழே இறக்கி, நீளமாக ஆற்றினார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் டீயான தே தாரிக் மாதிரியே. ஆவி முகத்தில் பட்டது. அந்த ஊருக்கு வந்து அன்றுதான் முதல்முதலாக நெஞ்சு கொஞ்சம் இளகியது. "கீழ நிக்கறவங்க காலையிலேர்ந்து ஒன்னும் குடிச்சிருக்க மாட்டாங்க" என்று பெரிய ஃபிளாஸ்கை நிரப்பி, கீழே போகும் பால்காரரின் மொபெட்டில் கட்டிவிட்டார் பாய்.

நல்ல செய்தி. அதைச் சொல்லும் பாக்கியம் எனக்கு. போனை வாயருகில் வைத்து, பொத்தானை அழுத்தி, வானொலி அறிவிப்பாளர் குரலில் சொன்னேன்:

"எல்லாருக்கும் வணக்கம்! பாலத்துல தண்ணி கலக்கியாச்சு! கீழ வந்துகிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்ககிட்ட வந்துரும்!"

எங்கள் ஊரில் டீ போடுவதைத் தண்ணி கலக்குவது என்போம். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தால், மல்லிகா சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "தண்ணி கலக்கவா?" என்பாள். முப்பது வருஷம் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட கேள்வி அது. இப்போது யாரும் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த வார்த்தையை வாயால் சொன்னதே இனிப்பாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நிம்மதியாக என் டீயைக் குடித்தேன்.

டம்ளர் காலியாவதற்குள் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பத்து, இருபது. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். துடைப்பம், கடப்பாரை, ஒருவர் கையில் கற்பூரத் தட்டு. "கலந்துட்டாங்க! தண்ணியில கலந்துட்டாங்க!"

நான் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேறு எங்கோ துரோகிகள் வேலையைக் காட்டிவிட்டார்கள்! கூட்டத்தோடு ஓடினேன். ஓடைக்கு மேல் இருந்த தோல் ஷாப்பின் கேட்டில் கூட்டம் மோதி நின்றது. அங்கே உரக்கக் கத்தியவர்களில் நான்தான் முதல். "ஆற்றைக் கெடுக்காதே!" என்ற கோஷம் என் கைங்கரியம். கேட்டைப் பிடித்து ஆட்டவும் செய்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துதான் அதிகம் பயந்தார்.

கேட் திறந்தது. ரப்பர் பூட்சும் நனைந்த ஏப்ரனுமாக ஒருவர் வெளியே வந்தார். கூட்டம் விலகியது. எதிரே அமுதா நின்றார். அது ஏழுமலை.

"தெறந்தியா?" என்றார் அமுதா.

"இன்னாது?"

"வால்வு. தெறந்தாங்களா?"

"நான் உள்ள இருக்கும்போது எவன் தெறப்பான்? என் கையால இறுக்கி வெச்சிருக்கேன்."

"சத்தியமா?"

"ஏ அமுதா, ஊர் முன்னால என்னை நிக்க வெச்சி சத்தியம் கேக்கறியா?" அவர் குரல் உடைந்தது. "நீயே உள்ள வந்து பாரு."

ஷாப் மேனேஜர் முதலில் முடியாது என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் என்றார். அமுதாவும் சாமுவேலும் உள்ளே போனார்கள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. தொட்டியைப் பார்த்தார்களாம், வால்வைப் பார்த்தார்களாம், ஓடைப் பக்கச் சுவரை முழுக்கச் சுற்றிப் பார்த்தார்களாம். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஏழுமலை ஓரமாக நின்று, மனைவியைப் பார்க்காமல், பூட்ஸை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தகவல் குடுத்தது யாரு?" என்றார் மேனேஜர்.

"பாலத்துலேர்ந்து வாய்ஸ் வந்துச்சு."

"பாலத்துல யாரு நின்னாங்க?"

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. என் கை இன்னும் கேட்டைப் பிடித்திருந்தது. யாரோ போனை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார்கள். வானொலி அறிவிப்பாளர் அட்டகாசமாகப் பேசினார்.

"அது..." என்றேன். "அது டீ."

பால்காரர் கூட்டத்தின் பின்னாலிருந்து ஃபிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார், சாட்சிப் பொருள் மாதிரி. அன்று அடி வாங்கியே தீருவேன் என்று எந்தப் பக்கத்துக் கன்னம் என்பதைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

அமுதா வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன்.

"ஐயோ! மல்லிகாக்கா!" என்றார். "மல்லிகாக்கா இப்டித்தாங்க பேசும்! என் வூட்ல தங்குன மொத நாளு. கொழாயில தண்ணி வந்து நாலு நாளு ஆச்சு, இருக்கறது ஒரே கொடம். அக்கா உள்ளேர்ந்து தலைய நீட்டி, 'அமுதா, தண்ணி கலக்கவா?'ன்னு கேக்குது. நான் ஓடிப் போய்க் கொடத்தக் கட்டிப் புடிச்சிக்கினேன். 'கலக்காதக்கா, இருக்கறதே இதான்!'னு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார். மேனேஜர்கூட. நான் சிரிக்கவில்லை. அமுதா அந்த வரியை அவளைப் போலவே சொல்லியிருந்தார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, பாதி கேள்வியாக, பாதி உத்தரவாக. ஒரு வருஷமாக நான் வீட்டில் ஒவ்வொரு மூலையிலும் தேடிய குரல், ஒரு தோல் ஷாப் கேட்டில், நாற்றத்துக்கு நடுவில், வேறொருத்தியின் வாயிலிருந்து வந்துவிட்டுப் போய்விட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது. எந்த முகத்தோடு கேட்பது?

அமுதாவின் சிரிப்புதான் முதலில் நின்றது. "ஷட்டர்!" என்றார்.

ஓடினோம். அவசரத்தில் இறக்கிய ஷட்டர் ஒரு மரக்கிளையைக் கவ்விக்கொண்டு சிக்கியிருந்தது. கிளையை வெட்டி இழுத்து, சக்கரத்தைச் சுற்றி மறுபடி தூக்குவதற்குள் சாயங்காலம் வந்துவிட்டது. நானும் சக்கரத்தைப் பிடித்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். ஆற்று மட்டம் தெரியக் காலையில் கரையில் நட்டிருந்த குச்சியைப் பார்த்தேன். ஆறு அதைவிட்டு இறங்கிப் போயிருந்தது. கால்வாயில் நுழைந்த தண்ணீர் காலையில் போனதில் பாதிகூட இல்லை.

மறுநாள் காலை ஃபேக்டரிக்குப் போகாமல் ஏரிக்குப் போனேன். ஏரி பெரியது. அதன் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி, வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு வந்துவிட்டது. மேல் மதகு தண்ணீரைப் பார்க்காமல் வறண்டு நின்றது. தாழ இருக்கிற பள்ள மதகு வரைதான் ஏறியிருந்தது. ஆற்றில் இப்போது அங்கங்கே மணல் தெரியத் தொடங்கியிருந்தது.

அமுதா தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்தார். கையில் அள்ளிக் குடித்தார். விழுங்கிவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"எப்படி?" என்றேன்.

"நல்ல தண்ணி" என்றார். எனக்கும் அள்ளிக் கொடுத்தார். மண் வாசனை. அதற்கப்பால் ஒன்றுமில்லை, உப்பில்லை, கசப்பில்லை. ஒன்றுமில்லாததற்காகவா இத்தனை ஏக்கம் என்று தோன்றியது. பிறகு, ஆமாம், ஒன்றுமில்லாததற்காகத்தான் என்றும் தோன்றியது.

"நேத்து நான் மட்டும் அந்த வாய்ஸ் போடாம இருந்திருந்தா..."

"வுடுங்கண்ணா. நெஜமா கலந்திருந்தா இன்னா செய்வோம்னு தெரிஞ்சிச்சு இல்ல? அவங்க கேட்டத் தெறந்து காட்டுனாங்க இல்ல? இத்தினி வருஷத்துல அது நடந்ததில்ல." ஏரியைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஒரு நாள் தண்ணி போச்சு. அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"இது நெல்லுக்குப் பத்துமா?"

"நாத்து வுடறதுக்குப் பத்தும். நடவுக்குப் பத்தாது. நடவுக்கு ஆறு இன்னொரு வாட்டி வரணும்."

"வரலைன்னா?"

"நாத்து நின்னு நின்னு மஞ்சளாயிடும். மாட்டுக்கு அறுத்துப் போட்டுடுவோம்."

பள்ள மதகுக்குக் கீழே, முன்பே கொத்திச் சமன் செய்து வைத்திருந்த ஒரு சின்னப் பாத்தி. வரப்பில் ஈரச் சாக்கு மூடிய கூடை. சாக்கை விலக்கிக் காட்டினார். விதைநெல் முளை கட்டியிருந்தது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. ஆறு வாணியம்பாடிக்கு வந்துவிட்டது என்று கேட்ட அன்றைக்கே ஊறப்போட்டிருக்கிறார்.

ஏழுமலை இரவு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார், பூட்ஸைக்கூடக் கழற்றாமல். இருவரும் முந்தின நாளைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் மதகின் மேல் ஏறி உட்கார்ந்து திருகினார். இவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். "ஆங், வரட்டும்" என்றார். "இன்னும் கொஞ்சம்." "போதும், போதும், ஏரியக் காலி பண்ணிடாத." "நீதான வரட்டும்னே?" "வரட்டும்னா எல்லாத்தையுமா?"

தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, காய்ந்த மண் சரசரவென்று உறிஞ்ச, மெதுவாக எங்களை நோக்கி வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் வந்ததும் அது நின்றது. ஒதுங்கி வழி தேடியது. பக்கவாட்டில் தேங்கியது.

"அண்ணா" என்றார் அமுதா, மண்வெட்டியால் என் ஷூவைத் தட்டி. "கால எடுங்க. தண்ணி போவணும்."